அப்பா அம்மாவின் விசுவாசம் எப்போது என் விசுவாசமாகும்?

கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்த பலருக்கும் ஏதோ ஒரு வயதில் இந்தக் கேள்வி வந்து நிற்கும்: நான் இயேசுவை நம்புகிறேனா, இல்லை வீட்டில் எல்லோரும் நம்புவதால் நானும் கூடவே போகிறேனா? சிலருக்கு இது பதினாறு வயதில் வரும். சிலருக்குக் கல்யாணமாகி, தங்கள் பிள்ளை வந்து "நாம ஏன் ஜெபம் பண்ணணும்?" என்று கேட்கும்போதுதான் வரும். பயந்துபோய் அதை உள்ளுக்குள்ளேயே அமுக்கிவிடுகிறவர்கள் நிறைய. அமுக்க வேண்டாம். இந்தக் கேள்வி எழுவதே நல்லதுக்குத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

"கடவுளுக்குப் பிள்ளைகள் உண்டு, பேரப்பிள்ளைகள் கிடையாது" என்று பிரசங்கங்களில் சொல்வதுண்டு. சரியான பேச்சுதான். ஆனால் அதைக் கேட்ட சிலர், வீட்டில் கற்றதையெல்லாம் தூக்கி எறிந்தால்தான் சொந்த விசுவாசம் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். வேதம் அப்படிச் சொல்லவில்லை. செங்கடலைக் கடந்த பிறகு இஸ்ரவேலர் பாடிய பாட்டில் (யாத்திராகமம் 15:2) "அவரே என் தேவன்" என்பதும் "அவரே என் தகப்பனுடைய தேவன்" என்பதும் ஒரே வசனத்தில் வருகின்றன. இரண்டையும் ஒருவரே மனதாரச் சொல்ல முடியும். அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்வது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். குடும்பத்தில் முதல் ஆளாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்குத் தனியாக ஒரு பகுதி இருக்கிறது.

கையில் இருப்பது என்ன என்று பாருங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவர் என்ற முறையில் நீங்கள் நம்புகிறவை, செய்கிறவை, செய்யாமல் தவிர்க்கிறவை எல்லாவற்றையும் வரிசையெல்லாம் பார்க்காமல் எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது யாரிடமிருந்து வந்தது என்று குறியுங்கள்: அம்மா, தாத்தா, ஞாயிறு பள்ளி ஆசிரியர், நானே வாசித்தது. அப்புறம் இன்னொரு கேள்வி. வீட்டில் யாருக்கும் தெரியாது என்றால் இதைத் தொடர்வேனா?

பிலாத்து இயேசுவிடம் "நீ யூதருடைய ராஜாவா?" என்று கேட்டபோது, இயேசு திருப்பிக் கேட்டது இது: "நீராய் இப்படிச் சொல்லுகிறீரோ, அல்லது மற்றவர்கள் என்னைக்குறித்து இப்படி உமக்குச் சொன்னார்களோ?" (யோவான் 18:34). அந்தக் கேள்வியைத்தான் உங்கள் பட்டியலின் ஒவ்வொரு வரியிடமும் கேட்கிறீர்கள்.

எழுதி முடித்ததும் மூன்று வகையாகப் பிரியுங்கள்: விசுவாசத்தின் அடிப்படை, சபையின் ஒழுங்கு, எங்கள் வீட்டுப் பழக்கம். இதைச் செய்யாததால்தான் பலர் வீணாக வெளியேறுகிறார்கள் என்பது என் கருத்து. ஞாயிற்றுக்கிழமை டிவி போடக்கூடாது என்பது ஒரு வீட்டின் ஒழுங்கு. கிறிஸ்து உயிர்த்தெழுந்தார் என்பது வேறு விஷயம். அது நடக்கவில்லை என்றால் எங்கள் பிரசங்கமும் வீண், உங்கள் விசுவாசமும் வீண் என்று பவுலே எழுதுகிறார் (1 கொரிந்தியர் 15:14). டிவிக்காக அப்பாவோடு சண்டை போட்டுவிட்டு உயிர்த்தெழுதலையும் சேர்த்துக் கைவிட்டவர்கள் இருக்கிறார்கள். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்த பெற்றோருக்கும் அதில் பங்கு உண்டு.

எது அடிப்படை என்று தெரியவில்லையா? கிறிஸ்தவ நம்பிக்கையின் அடிப்படைகளைச் சுருக்கமாகச் சொல்லும் பழைய அறிக்கையான அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பன்னிரண்டு பகுதிகளாகப் பிரித்துப் படிப்பது பழைய வழக்கம். ஒவ்வொன்றின் எதிரிலும் "நம்புகிறேன்", "புரியவில்லை", "சந்தேகம் இருக்கிறது" என்பதில் ஒன்றை நேர்மையாக எழுதுங்கள். அத்தனையிலும் "நம்புகிறேன்" என்று எழுதியே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தால் போதும்.

ஒரு சுவிசேஷத்தை நீங்களே வாசியுங்கள்

மாற்கிலிருந்து தொடங்குங்கள். நான்கு சுவிசேஷங்களில் சிறியது அதுதான், 16 அதிகாரங்கள். ஒரு நாளைக்கு ஒன்று என்றால் அரை மாதத்தில் முடிந்துவிடும். விளக்கவுரை, யூடியூப் பிரசங்கம் எல்லாவற்றையும் இந்த அரை மாதத்துக்கு ஒதுக்கி வையுங்கள். சிறுவயதில் மனப்பாடம் செய்த வசனங்கள் வரும்போது வேகமாகத் தாண்டிப் போகத் தோன்றும். அங்கேதான் நிதானமாக வாசிக்க வேண்டும். கேட்டுக் கேட்டுப் பழகிப்போன கதைகளில் என்ன இருக்கிறது என்பதே நமக்கு மறந்துபோயிருக்கும்.

ஒவ்வொரு அதிகாரத்துக்கும் இரண்டு வரி எழுதுங்கள். இயேசு இங்கே என்ன செய்கிறார்? இதில் என்னை உறுத்துவது எது? உறுத்தவே இல்லை என்றால் இன்னொரு தடவை வாசியுங்கள். எட்டாவது அதிகாரத்துக்கு வரும்போது ஒரு நாள் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இயேசு முதலில் ஜனங்கள் தம்மை யார் என்று சொல்லுகிறார்கள் என்று கேட்கிறார். சீஷர்கள் யோவான்ஸ்நானன், எலியா என்று ஊரில் கேள்விப்பட்டதை ஒப்பிக்கிறார்கள். உடனே அவர், நீங்கள் என்னை யார் என்று சொல்லுகிறீர்கள் என்று கேட்கிறார் (8:27-29). அந்த நாளில் உங்கள் பதிலை உங்கள் சொற்களிலேயே எழுதுங்கள். "ஆண்டவர், இரட்சகர்" என்று பழக்கத்தில் எழுத வருகிறது என்றால், அந்தச் சொல்லுக்கு உங்கள் வாழ்க்கையில் என்ன பொருள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

தனியே ஜெபிக்கப் பழகுங்கள்

குடும்ப ஜெபத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. தனியாக உட்கார்ந்தாலும் அப்பா ஜெபிக்கிற தோரணையே வாயில் வரும். அதே தொடக்கம், அதே ஏற்ற இறக்கம். அதை நினைத்து வெட்கப்பட வேண்டாம். பேசக் கற்றதும் அவர்களைப் பார்த்துத்தானே. ஆனால் இயேசு கதவைப் பூட்டிக்கொண்டு அந்தரங்கத்திலிருக்கிற பிதாவை நோக்கி ஜெபிக்கச் சொன்னார் (மத்தேயு 6:6). யாரும் கேட்காத இடத்தில் நமது சொந்தக் குரல் மெல்ல வெளிவரும்.

பத்து நிமிடம் போதும். ஒரு சங்கீதத்தை மெதுவாக வாசியுங்கள்; பிறகு அன்றைக்கு மனதில் உண்மையாக இருப்பதை மட்டும் சொல்லுங்கள். கோபம் இருந்தால் கோபத்தைச் சொல்லுங்கள். 13ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்ற கேள்வியோடு தொடங்குகிறது. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, கடைசியில் ஆறுதல் வரிகூட இல்லை. இப்படிப்பட்ட ஜெபங்கள் வேதத்துக்குள்ளேயே இருக்கும்போது, நாம் மட்டும் அலங்காரமாகப் பேசிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒன்றுமே சொல்ல வரவில்லை என்றால் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள்.

குடும்பம் கொடுத்ததையும் குடும்பம் காயப்படுத்தியதையும் பிரித்துப் பாருங்கள்

இதுதான் இருப்பதிலேயே கடினமான படி. அதிக நேரமும் இதற்குத்தான் வேண்டும்.

முதலில் நல்லதைப் பார்ப்போம். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, அவனிடம் இருக்கிற மாயமற்ற விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்தது என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார் (2 தீமோத்தேயு 1:5). தகப்பன் கிரேக்கர் என்று மட்டும் அப்போஸ்தலர் 16:1 சொல்கிறது. அதே நிருபத்தில் சற்றுத் தள்ளி (3:14), நீ கற்று நிச்சயித்துக்கொண்டவைகளில் நிலைத்திரு என்கிறார். கற்றுக்கொண்டது வீட்டில். நிச்சயித்துக்கொண்டது தீமோத்தேயு. யாரிடத்தில் கற்றாய் என்பதை மறக்காதே என்றும் பவுல் சேர்த்துச் சொல்கிறார். நன்றியும் சொந்த முடிவும் அங்கே ஒன்றாகவே நிற்கின்றன.

இதற்கு ஒரு செயல்முறை உண்டு. அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, யார் இருக்கிறார்களோ அவர்களிடம் ஒரு மாலை உட்கார்ந்து கேளுங்கள். நீங்கள் உங்களுக்காகவே முதல்முதலில் ஜெபித்தது எப்போது? கடவுள் இல்லை என்று என்றைக்காவது தோன்றியிருக்கிறதா? ஜெபித்தும் கிடைக்காமல் போனது என்ன? அதற்குப் பிறகும் எப்படித் தொடர்ந்தீர்கள்? பெரும்பாலான வீடுகளில் பெற்றோர் விதிகளைச் சொல்லியிருப்பார்கள், தங்கள் கதையைச் சொல்லியிருக்க மாட்டார்கள். பிள்ளைகள் முன்னால் தடுமாற்றத்தைக் காட்டக்கூடாது என்று நினைத்தே மறைத்திருப்பார்கள். அந்தக் கதை தெரியவரும்போது, நீங்கள் வெறும் பழக்கம் என்று நினைத்திருந்த ஒன்றின் பின்னால் ஒரு பெரிய துக்கமோ ஒரு பெரிய விடுதலையோ இருந்தது புரியலாம். அதைக் கேட்டதோடு நிறுத்திவிடாதீர்கள். சமாரியா ஊரார் முதலில், கிணற்றடியில் இயேசுவோடு பேசிய ஒரு பெண்ணின் சொல்லைக் கேட்டுத்தான் அவரிடம் வந்தார்கள். இரண்டு நாள் அவரோடு இருந்த பிறகு, இனி உன் சொல்லினிமித்தம் அல்ல, நாங்களே கேட்டு அறிந்து விசுவாசிக்கிறோம் என்று அவளிடமே சொன்னார்கள் (யோவான் 4:42). அந்தப் பெண்ணுக்கு அது அவமானமில்லை. அவள் வேலை முடிந்தது.

இனி காயம். வீட்டில் சத்தமாக ஜெபம் நடக்கும், அதே வீட்டில் அடியும் நடக்கும். சபையில் சாட்சி சொல்கிறவர் கடன் வாங்கினால் திருப்பித் தரமாட்டார். இதைப் பார்த்து வளர்ந்தவரிடம் "மனிதரைப் பார்க்காதே, கடவுளைப் பார்" என்று ஒரே வரியில் சொல்லி முடிப்பது நியாயமில்லை. வேதம் இதைவிட நேர்மையாகப் பேசுகிறது. ஆசாரியன் ஏலியின் குமாரர்கள் கர்த்தரை அறியவில்லை என்றும், அவர்கள் செய்ததைப் பார்த்து மக்கள் கர்த்தரின் காணிக்கையையே வெறுத்தார்கள் என்றும் 1 சாமுவேல் 2ஆம் அதிகாரம் வெளிப்படையாக எழுதுகிறது. அப்படி வெறுப்பு வந்தது யாருடைய பாவம் என்பதில் வேதத்துக்குக் குழப்பமே இல்லை.

அடுத்த அதிகாரத்தில், அதே இடத்தில், சிறுவன் சாமுவேலைக் கர்த்தர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஆலயத்திலேயே படுத்து உறங்கி, பணிவிடை செய்துவந்த பிள்ளை அவன். இருந்தும் "சாமுவேல் கர்த்தரை இன்னும் அறியாதிருந்தான்" என்கிறது 3:7. கூப்பிட்ட குரல் ஏலியின் குரல் என்று நினைத்து மூன்று முறை அவரிடம் ஓடுகிறான். நம்மில் பலருக்கும் நடப்பது இதுதான். கடவுளின் குரலும் வீட்டுப் பெரியவர்களின் குரலும் காதில் ஒன்றுபோலவே கேட்கும். மதிப்பெண் குறைந்தபோது கேட்ட ஏச்சு, முப்பது வயதிலும் கடவுளின் ஏச்சாக உள்ளே ஒலித்துக்கொண்டிருக்கும்.

இதைப் பிரித்துப் பார்க்க நோட்டில் ஒரு வாக்கியத்தை எழுதி முடியுங்கள்: "கடவுள் இப்போது என்னைப் பார்த்தால் இப்படித்தான் சொல்வார்…" யோசிக்காமல் உடனே எழுதுங்கள். எழுதியபின் அதைச் சத்தமாக வாசித்து, இது யார் பேசுகிற மாதிரி இருக்கிறது என்று பாருங்கள். அடுத்து, தவறிப்போனவர்களிடம் இயேசு எப்படிப் பேசினார் என்று சுவிசேஷத்தில் தேடுங்கள். தம்மை மூன்று முறை மறுதலித்த பேதுருவிடம் யோவான் 21இல் அவர் கேட்டது என்ன? உங்கள் வாக்கியத்தையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தகப்பனால் அடிபட்டு வளர்ந்தவர்களுக்குப் "பிதாவே" என்ற சொல்லே நெஞ்சில் குத்தலாம். அவர்கள் கொஞ்ச காலம் "மேய்ப்பரே" என்றோ "ஆண்டவரே" என்றோ ஜெபித்தால் ஒரு குறையும் இல்லை.

குடும்பம் எப்படிப்பட்டதோ அப்படித்தான் நானும் என்கிற எண்ணமும் பலரை அழுத்துகிறது. யூதாவின் ராஜாக்களைப் பாருங்கள். பொல்லாத ஆகாஸின் மகன் எசேக்கியா, உத்தமன். எசேக்கியாவின் மகன் மனாசே, கொடியவன். முதிர்ந்த காலத்தில்தான் மனம் திரும்பினான். மனாசேயின் மகன் ஆமோன் அப்பாவின் தீமையைத் தொடர்ந்தான். ஆமோனின் மகன் யோசியா எட்டு வயதில் ராஜாவாகி, ஆட்சியின் எட்டாம் வருஷத்தில், அதாவது ஏறக்குறைய பதினாறு வயதில், தன் முற்பிதாவாகிய தாவீதின் தேவனைத் தேடத் தொடங்கினான் (2 நாளாகமம் 34:3). நல்ல தகப்பன் இருந்தும் விலகியவர்கள் உண்டு. மோசமான தகப்பனுக்குப் பிறந்தும் தேடிக் கண்டடைந்தவர்கள் உண்டு.

வீட்டில் நடந்தது வன்முறையோ பாலியல் துன்புறுத்தலோ என்றால், நோட்டும் ஜெபமும் மட்டும் போதாது. நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், மனநல ஆலோசகரைப் பாருங்கள், சட்டத்தின் உதவியை நாடுங்கள். மன்னிப்பது என்றால் மூடி மறைப்பது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

"எனக்குச் சாட்சி இல்லையே" என்ற கவலை

குடியிலிருந்து விடுபட்டவர், சாவின் விளிம்பிலிருந்து திரும்பியவர் என்று ஒவ்வொருவராகச் சாட்சி சொல்லும்போது, சிறுவயது முதலே ஆலயத்துக்குப் போய்வரும் பிள்ளை ஓரமாக உட்கார்ந்து ஏங்கும். பவுலுக்குத் தமஸ்கு வழியில் ஒளி பிரகாசித்தது (அப்போஸ்தலர் 9). தீமோத்தேயுவுக்கு அப்படி ஒரு நாள் எங்கேயும் எழுதப்படவில்லை. இருவரும் சேர்ந்துதான் ஊழியம் செய்தார்கள். தேதி தெரியாவிட்டாலும் இன்றைக்கு யாரை நம்பியிருக்கிறோம் என்று தெரிந்தால் சரி.

சிலருக்குத் தேதியும் இருக்கும், அது மிகவும் தாமதமாகவும் வரும். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1703இல் இங்கிலாந்தில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தவர். தாய் சூசன்னா பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஒழுங்காகப் பாடமும் பக்தியும் கற்றுக்கொடுத்தவர். வெஸ்லி 1728இல் தானே குருவாகி, கடல் கடந்து மிஷனரியாகவும் போய் வந்தார். அதற்குப் பிறகு, 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்குச் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான், கிறிஸ்து தன்னுடைய பாவங்களையே நீக்கினார் என்ற நிச்சயம் தனக்கு வந்ததாகத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். வயது முப்பத்து நான்கு. அதற்கு முந்தைய ஆண்டுகளை வீண் என்று நான் சொல்லமாட்டேன். தாய் கற்றுத்தந்தது இல்லாமல் அந்த மாலை வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

யாக்கோபுக்கும் நாள் பிடித்தது. பெத்தேலில், நீர் என்னைக் காப்பாற்றித் திரும்பக் கொண்டுவந்தால் கர்த்தர் எனக்குத் தேவனாயிருப்பார் என்று நிபந்தனையோடு பேசினான் (ஆதியாகமம் 28). லாபானிடம் இருபது வருஷம் கழித்துவிட்டுத் திரும்பும்போதுகூட, என் தகப்பனாகிய ஆபிரகாமின் தேவனே, ஈசாக்கின் தேவனே என்றுதான் ஜெபித்தான். இரவெல்லாம் போராடி இஸ்ரவேல் என்ற புதுப் பெயர் வாங்கிய பிறகு கட்டிய பலிபீடத்துக்குத்தான் இஸ்ரவேலின் தேவன் என்று பெயரிட்டான் (33:20). உங்களுக்கும் இவ்வளவு காலம் ஆகலாம். ஆகட்டும்.

சந்தேகத்தை எங்கே வைப்பது

"புரியவில்லை", "சந்தேகம்" என்று விசுவாசப் பிரமாணத்தில் குறித்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, கேட்கத் தகுந்த ஆளிடம் கேளுங்கள். கோபப்படாமல் கேட்கிறவராகவும், தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவராகவும் இருக்க வேண்டும். அது உங்கள் போதகராக இருக்கலாம், குடும்பத்துக்கு வெளியே ஒரு அக்காவோ அண்ணனோ ஆகவும் இருக்கலாம். மாற்கு 9இல் ஒரு தகப்பன் "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறினான். இயேசு அவனைத் திட்டவில்லை, மகனைக் குணமாக்கினார். சந்தேகத்தை வீட்டில் சண்டையின் நடுவே ஆயுதமாக எடுத்து வீசாதீர்கள். அப்போது பெற்றோர் உங்கள் கேள்வியைக் கேட்கமாட்டார்கள், கோபத்தைத்தான் கேட்பார்கள்.

வெளிப்படையாக ஒரு அடி

குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கும் சபைகளில், வளர்ந்தபின் அந்த விசுவாசத்தைத் தாங்களே அறிக்கை செய்யும் திடப்படுத்தல் அல்லது உறுதிபூசுதல் இருக்கிறது. மற்றச் சபைகளில் விசுவாச அறிக்கை செய்து முழுக்கு ஞானஸ்நானம் எடுப்பார்கள். எந்த வழியானாலும், கூடப் படித்தவர்கள் எல்லோரும் எடுக்கிறார்கள், கல்யாணத்துக்குச் சான்றிதழ் வேண்டும் என்ற காரணங்களுக்காக அவசரப்பட வேண்டாம். தயாராகவில்லை என்றால் போதகரிடம் நேரடியாகச் சொல்லுங்கள். நல்ல போதகர் காத்திருப்பார். தயாராகிவிட்டால் தள்ளிப்போடவும் வேண்டாம்.

இதோடு, வீட்டில் யாரும் கண்காணிக்காத ஒரு காரியத்தில் கீழ்ப்படியத் தொடங்குங்கள். பேசாமல் இருக்கும் ஒருவரோடு ஒப்புரவாவது, சம்பளத்தில் ஒரு பங்கை யாருக்கும் சொல்லாமல் கொடுப்பது, போனில் தனியாக இருக்கும்போது எதைப் பார்க்கிறோம் என்பது. ஊர் விட்டு ஊர் போய்ப் படிக்கும்போதும் வேலை செய்யும்போதும் "ஆலயத்துக்குப் போனாயா?" என்று கேட்க ஆள் இருக்காது. அங்கே முதல் மாதத்திலேயே ஒரு சபையைத் தேடிச் சேர்ந்துவிடுங்கள். விசுவாசம் சொந்தமானது என்பதற்காகத் தனியாளாக வாழ வேண்டியதில்லை.

பெற்றோருக்கு இரண்டு வார்த்தை

பிள்ளை கேள்வி கேட்டால் பதறாதீர்கள். உபாகமம் 6ஆம் அதிகாரத்தில், மகன் வந்து இந்தக் கட்டளைகள் எதற்கு என்று கேட்டால், "நாங்கள் எகிப்தில் அடிமைகளாயிருந்தோம்" என்று தங்கள் கதையைச் சொல்லும்படிதான் பெற்றோருக்குக் கட்டளை. பிற்காலத்தில் சபையின் பெரிய போதகராகப் பெயர்பெற்ற அகஸ்தீனின் தாய் மோனிக்கா மகனுக்காகப் பல ஆண்டுகள் கண்ணீரோடு ஜெபித்தார். அவரை ஊர்விட்டு ஊர் பின்தொடர்ந்தும் போனார். 387இல் மிலான் நகரில் அகஸ்தீன் ஞானஸ்நானம் பெற்றபோது வயது முப்பத்திரண்டு. அதே ஆண்டில் மோனிக்கா இறந்துபோனார். மகனிடம் பேசுவதைவிடக் கடவுளிடம் மகனைப் பற்றி அதிகமாகப் பேசுங்கள்.

வீட்டில் நீங்கள்தான் முதல் ஆள் என்றால்

உங்களுக்குக் குடும்பத்திலிருந்து வந்த விசுவாசம் இல்லை. குடும்பத்தின் எதிர்ப்பு இருக்கலாம். முதல் உற்சாகத்தில் வீட்டாரின் நம்பிக்கைகளைப் பழித்துப் பேசிவிட்டால், பிறகு எத்தனை வருஷம் நல்ல முறையில் நடந்துகொண்டாலும் அந்த வார்த்தைதான் அவர்கள் நினைவில் நிற்கும். பிசாசின் பிடியிலிருந்து விடுபட்ட மனிதன் இயேசுவோடு கூடவே வருகிறேன் என்று கெஞ்சியபோது, அவர் அனுமதிக்கவில்லை. உன் வீட்டுக்குப் போய், கர்த்தர் உனக்கு இரங்கிச் செய்ததை உன் இனத்தாருக்கு அறிவி என்றார் (மாற்கு 5:19). அவன் சொல்ல வேண்டியது தனக்கு நடந்ததை மட்டும். நீங்களும் அதை மட்டும் சொல்லுங்கள், கேட்கும்போது சொல்லுங்கள்.

பெற்றோரைக் கனம்பண்ணு என்ற கட்டளை உங்களுக்கும்தான். வீட்டு வேலையில், பண உதவியில், நோய்வாய்ப்பட்டவரைக் கவனிப்பதில் முன்பைவிடக் கூடுதலாக நில்லுங்கள். மனசாட்சி இடம் கொடுக்காத சடங்குகளில் மட்டும், ஏன் முடியாது என்பதை முன்கூட்டியே, தனியாக, மரியாதையோடு சொல்லுங்கள். விசேஷ நாளில் எல்லோர் முன்னாலும் மறுக்காதீர்கள். அடியோ மிரட்டலோ வந்தால் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள், அது விசுவாசக் குறைவாகாது. சபையில் உங்களைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக நடத்தும் ஒரு குடும்பத்தைத் தேடிக்கொள்ளுங்கள். பண்டிகை நாட்களில் தனியாக இருப்பதுதான் மிகவும் வலிக்கும்.

வீட்டார் மாறவேயில்லையே என்று சோர்ந்துபோகும்போது யோவான் 7:5ஐ எடுத்து வாசியுங்கள். இயேசுவின் சொந்தச் சகோதரர்களே அவரை நம்பவில்லை என்று அங்கே எழுதியிருக்கிறது. பின்பு அப்போஸ்தலர் 1:14ஐ வாசியுங்கள். மேல்வீட்டில் ஜெபித்துக்கொண்டிருந்தவர்களில் அதே சகோதரர்களும் இருக்கிறார்கள்.